தீர்த்தன் ஆற்றுக்குப் போகிற பிள்ளைகளுக்கு

நம்மூர்க் குளத்தங்கரையில் மண்புழு கோத்து, தக்கையைப் பார்த்து உட்கார்ந்து, ஜிலேபியும் கெண்டையும் பிடித்துப் பழகிய பிள்ளைகள் சிலர் இந்த ஏப்ரலில் இமாசலப் பிரதேசத்துக்கு ஃப்ளை ஃபிஷிங் போகிறார்கள். குல்லு மாவட்டத்துத் தீர்த்தன் ஆறு. அங்கே வழிகாட்டியும் பேசி வைத்தாயிற்று. "என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும், பெரியப்பா?" என்று கேட்டு வந்தார்கள். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும். பழனிக் கடைவீதியிலும் ஆன்லைனிலும் காசைக் கரைப்பதற்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

1. முதலில் வழிகாட்டிக்குப் போன் போடுங்கள். தூண்டில் கம்பு, ரீல், நூல், ஃப்ளை (பூச்சி மாதிரி கட்டிய முள்), வலைக்கூடை இவற்றில் அவரிடம் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எல்லாமே இருக்கும். டிரவுட் மீனுக்கு ஒன்பது அடிக் கம்பு, நாலு அல்லது ஐந்தாம் நம்பர் நூல் போதும். அந்த ஆற்றில் அந்த வாரம் எந்தப் பூச்சி பறக்கிறது, மீன் எதைத் தின்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நீங்கள் இங்கிருந்து அழகு பார்த்து வாங்கிப்போகும் ஃப்ளை டப்பா திறக்கப்படாமலே திரும்பி வரும்.

கம்பை இரவல் வாங்கலாம். காலுக்குச் சேர்கிற செருப்பை, கண்ணுக்குச் சேர்கிற கண்ணாடியை, உடம்புக்குச் சேர்கிற மருந்தை யாரிடமும் இரவல் வாங்க முடியாது. உங்கள் காசும் கவனமும் அங்கே போகட்டும். இனி நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

2. பையில் முதலில் போக வேண்டியது காகிதம். ஆதார் அட்டை, அதன் நகல் இரண்டு, பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு. இமாசலத்தில் மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் டிரவுட் ஆற்றில் தூண்டில் போடக் கூடாது. சீட்டை வழிகாட்டி வாங்கித் தருவார். ஆனால் அது அவர் பையில் இருக்கக் கூடாது, உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். எத்தனை மீன் வரை, எந்த அளவுக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் அனுமதியின் நிபந்தனைகள். ஆற்றில் இறங்குவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய அங்கே டிரவுட் பிடிக்கத் தடை. மீன் கூழாங்கல் படுகையில் முட்டை போட்டு, குஞ்சு வெளிவரும் காலம் அது.

"இவ்வளவு தூரம் போகணுமா? கொடைக்கானல் தலைக்கு மேலயே இருக்கே" என்று ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான கேள்வி. நம் மலைகளிலும் டிரவுட் உண்டு. 1860களிலேயே ஃபிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார். இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அதே டேதான். அவர் முயற்சி கூடிவரவில்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் டிரவுட் நீலகிரியில் நிலைத்தது. அதே காலத்தில், 1909இல், ஹோவெல் என்ற அதிகாரி காஷ்மீரிலிருந்து குல்லுப் பள்ளத்தாக்குக்கு டிரவுட்டைக் கொண்டுபோனார். காஷ்மீருக்கு அது 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாக வந்து சேர்ந்தது. நீங்கள் பிடிக்கப்போகும் பழுப்பு டிரவுட் அந்த வழியில் வந்ததுதான்.

நீலகிரியின் நல்ல ஓடைகள் பல இன்று முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. நம் தலைக்கு மேலே இருக்கிற காட்டின் பெரும்பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். அங்கெல்லாம் வனத்துறையைக் கேட்காமல் தூண்டிலோடு கால் வைக்கவே கூடாது. யாராவது "எனக்கு ரேஞ்சரைத் தெரியும், ராத்திரி கூட்டிப்போறேன்" என்றால் அந்த ஆளோடு டீ குடிக்கக்கூடப் போகாதீர்கள்.

இன்னொரு செய்தியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உடுமலைக்கு மேலே அமராவதியில் வந்து சேர்கிற பாம்பாறு இருக்கிறதே, அந்த ஆற்றில் கிடைத்த ஒரு மகசீர் மீன் இனத்துக்கு 2007இல் அறிவியல் பெயர் சூட்டினார்கள். டோர் ரேமாதேவி. காவிரியில் வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து பேர்பெற்ற கூன்முதுகு மகசீர் இதுவேதான் என்பது 2018இல் உறுதியானது. 1946இல் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த 120 பவுண்டு மீனைத்தான் இன்றுவரை பெரிய சாதனையாகச் சொல்கிறார்கள். அந்த இனம் இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறதென்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நம் வீட்டிலிருந்து ஒரு பகல் பயணத்தில் இருக்கிற ஆற்று மீன் அது. அதைத் தேடிக்கொண்டு தூண்டிலோடு போக வேண்டாம். அதனால்தான், பிள்ளைகள் டிரவுட் பிடிக்கத் தொலைவு போகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தமில்லை, மகிழ்ச்சிதான்.

3. துணி. நம் ஊர்க்காரர் எல்லாரும் சறுக்குகிற இடம் இது. குசைனிப் பக்கம் தீர்த்தன் ஆற்றங்கரை கொடைக்கானலைவிட உயரம் குறைவு. அதனால் "கொடைக்கானல் ஸ்வெட்டர் போதும்" என்று நினைத்துவிடுவோம். கரையில் போதும்தான். ஆனால் தண்ணீர் பனி உருகி வருவது. முழங்கால் அளவு நின்றால் சற்று நேரத்தில் பாதம் மரத்துப்போகும். அந்த இடத்தில் பருத்தி உதவாது. நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை இழுக்கும், காயவே காயாது. ஜீன்ஸ் அதைவிட மோசம். நனைந்தால் கால் தூக்க முடியாத கனம்.

உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல், அதற்கு மேல் ஃப்லீஸ் அல்லது கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜெர்கின். மூன்று அடுக்கு. வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காலுக்கு விளையாட்டுக்காரர்கள் போடுகிற பாலியஸ்டர் பேன்ட். கம்பளிக் காலுறை நாலு ஜோடி. இரண்டு ஆற்றில், இரண்டு அறையில். மாற்று உடை ஒரு செட் எப்போதும் வண்டியில் காய்ந்தபடி இருக்கட்டும்.

நிறம் சாம்பல், காக்கி, மங்கிய பச்சை. வெள்ளைச் சட்டையும் மஞ்சள் டீஷர்ட்டும் வேண்டாம். டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். நீங்கள் அதன் பின்பக்கமாக, ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து நெருங்க வேண்டும். வானத்தின் பின்னணியில் பளிச்சென்று ஒன்று அசைந்தால் அது கல்லுக்கடியில் போய்விடும். பிறகு அந்த மடுவில் ஒரு மணி நேரம் நின்றாலும் பயனில்லை.

4. செருப்பு. இதை இரண்டு முறை படியுங்கள். அந்த ஆற்றின் படுகை நம் குளத்துச் சேறு இல்லை. தேங்காயளவிலிருந்து ஆட்டுக்கல்லளவு வரை உருண்டைக் கற்கள், மேலே வழுக்குப் பாசி. ஒரு கல்லில் ஊன்றிய கால் அடுத்த கல்லுக்கிடையில் வழுக்கி இறங்கும். கணுக்கால் திருகுவது அங்கேதான். ரப்பர் செருப்பு, கிராக்ஸ், ஸ்போர்ட்ஸ் ஷூ மூன்றும் ஆகாது.

கணுக்காலை மூடிக் கட்டுகிற, ஆற்றில் நடப்பதற்கென்றே செய்த வேடிங் ஷூ வேண்டும். அதைச் சொந்தமாக, உங்கள் அளவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பாதம் பெரிதாக இருக்கிற பிள்ளைகள் கடையில் முன்கூட்டியே அளவைச் சொல்லிவிடுங்கள். தடித்த காலுறை போட்டபின் ஷூ இறுகும் என்பதால் ஒரு அளவு கூட்டிச் சொல்லுங்கள். வழிகாட்டி இடுப்பு வரை வருகிற வேடர் (தண்ணீர் புகாத கால்சட்டை) கொடுத்தால் அதன் பெல்ட்டை இறுக்கிக் கட்டாமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைவதைத் தடுப்பது அந்த ஒரு பெல்ட்தான். கையில் ஊன்றுகோல் ஒன்று. அங்கேயே ஒரு கம்பு வெட்டித் தருவார்கள்.

தொடக்கக்காரருக்கு முழங்கால்தான் எல்லை. அதற்கு மேல் வழிகாட்டி கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் மட்டும். கால் வழுக்கி நீரோட்டம் இழுத்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். கல்லிடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் தண்ணீர் ஆளைக் குப்புறச் சாய்த்துவிடும். மல்லாந்து, பாதம் கீழ்நீர்ப்பக்கம் இருக்கும்படி மிதந்து, கரைப்பக்கமாகக் கையால் துடுப்புப் போடுங்கள். நீச்சல் தெரியாதவர் அதை வெட்கப்படாமல் முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும்.

மே, ஜூனில் போகிறவர்களுக்கு இன்னொன்று. காலையில் கணுக்காலளவு இருந்த துறை பிற்பகலில் தொடையளவு ஆகிவிடும். பகல் வெயிலில் மேலே பனி உருகி இறங்கும் நேரம் அது. கடந்துபோன துறையிலேயே திரும்பி வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தீர்த்தனில் அணை கிடையாது. ஆனால் அது லார்ஜியில் போய்ச் சேர்கிற பியாஸ் ஆற்றில் அணை உண்டு. 2014 ஜூன் 8ஆம் தேதி ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் 24 பேர் அந்த அணைக்குக் கீழே ஆற்றில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, திறந்துவிட்ட தண்ணீரில் போய்விட்டார்கள். உங்கள் வயசுப் பிள்ளைகள். ஆவுட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பியாஸைப் பார்த்து ஆசை வரும். மேலே அணை இருக்கிற எந்த ஆற்றின் நடுக்கல்லிலும் செல்ஃபி எடுக்க ஏறக் கூடாது. இதை எனக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும்.

5. கண்ணாடி. போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி கட்டாயம். வெறும் கூலிங் கிளாஸ் வெளிச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். போலரைஸ்டு கண்ணாடி தண்ணீர் மேல் மின்னுகிற கூச்சத்தை எடுத்துவிடும். அடியில் கிடக்கிற கல்லும் பள்ளமும் அப்போதுதான் கண்ணுக்குப் படும், கல்லோரம் நிற்கிற மீனும் தெரியும். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையில் இருக்கிற கால்குலேட்டரின் திரையைப் பாருங்கள். தலையைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்க்கும்போது ஒரு கோணத்தில் திரை இருண்டுபோனால் அது போலரைஸ்டு. எப்படிச் சாய்த்தாலும் அதே மாதிரி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழுப்பு நிறக் கண்ணாடி ஓடை நிழலுக்கு நல்லது.

பவர் கண்ணாடி போடுகிறவர் அதன்மேல் மாட்டுகிற கிளிப் வாங்கிக்கொள்ளலாம். மாற்றுக் கண்ணாடி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். மீன் வராத நேரத்திலும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. வீசும்போது காற்று திரும்பினால் பின்னாலிருந்து வருகிற முள் நேரே முகத்துக்குத்தான் வரும். மூக்கில் பட்டால் தழும்பு, கண்ணில் பட்டால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

6. அதே காரணத்துக்காகத் தொப்பியும். சுற்றிலும் விளிம்பு இருக்கட்டும், கீழ்ப்பக்கம் கறுப்பாக இருந்தால் நல்லது. தாடைக்கு நாடா.

7. சின்னச் சாமான்கள். ஒரு நோஸ் பிளேயர், ஒரு நகவெட்டி, ஒரு பழைய பருத்தித் துண்டு. துணியில் பருத்தி வேண்டாம் என்றேன், ஆனால் இந்தத் துண்டுக்கு வேறு வேலை இருக்கிறது.

தூண்டில் முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே எதிர்ப்பக்கமாக ஒரு செதில் நீட்டிக்கொண்டிருக்கும். மீன் வாயிலிருந்து முள் கழன்றுவிடாமல் பிடிப்பது அதுதான். பிடித்த மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால் அதே செதில் வாயைக் கிழித்துவிடும். ஆகவே ஒவ்வொரு ஃப்ளையையும் நூலில் கட்டுமுன் நோஸ் பிளேயரின் நுனியால் அந்தச் செதிலை நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். பிளேயரை முள்ளுக்குக் குறுக்கே வைக்காமல் அதன் நீளவாக்கில் வைத்து அழுத்துங்கள், இல்லையென்றால் நுனி உடையும். சரியாக நசுங்கியதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முள்ளைத் துண்டில் குத்தி வெளியே இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. ஒரு இழை மாட்டிக்கொண்டு கூடவே வந்தால் இன்னொரு முறை நசுக்குங்கள். உங்கள் விரலில் குத்தினாலும் அந்த முள் அதே மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். செதில் நசுக்காத முள் விரலில் இறங்கினால் டாக்டரைத் தேடி வண்டியில் போக வேண்டும்.

முடிச்சுப் போடும்போது இழுத்து இறுக்குவதற்கு முன் நூலை வாயில் வைத்து எச்சில் படுத்துங்கள். உலர்ந்த நூல் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலம் போய்விடும். நம்மூர்த் தங்கூஸ் நரம்பைவிட அங்கே கட்டுகிற நூல் மிக மெல்லியது. மீனைத் தொடுமுன் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை அதன் மேலிருக்கிற வழவழப்பை உரித்துவிடும். அதை இழந்த மீனுக்குப் பூஞ்சை பிடிக்கும். படம் எடுக்க வேண்டுமானால் கேமராக்காரர் தயாரான பிறகு தூக்குங்கள். அதுவரை மீன் வலைக்குள் தண்ணீரிலேயே இருக்கட்டும்.

8. பை. தோளில் மாட்டுகிற சின்னப் பை ஒன்று போதும். அதற்குள் தண்ணீர் புகாத டிரை பேக். அது இல்லையென்றால் தடித்த பாலித்தீன் பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக, வாயை முறுக்கி ரப்பர் பேண்டு போட்டு. போன், பணம், அனுமதிச் சீட்டு, மருந்து எல்லாம் அதற்குள். விமானத்தில் போகிறவர்கள் முள், பிளேயர், நகவெட்டி எல்லாவற்றையும் செக்‑இன் பையில் போடுங்கள். பவர் பேங்க் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

9. மருந்து. தினசரி மாத்திரை உள்ளவர்கள் பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். நிலச்சரிவால் பாதை அடைபடுவது அங்கே சாதாரணம். வாந்தி மாத்திரை, பிளாஸ்டர், கட்டுத்துணி, ஆன்டிசெப்டிக், சன்ஸ்கிரீன். உதட்டுக்கு வாசலின். சர்க்கரைக்காரர் சட்டைப் பையில் கடலைமிட்டாய்.

10. எடுத்துப்போகக் கூடாதவை: புளூடூத் ஸ்பீக்கர், சாராயம், மண்புழு. மூன்றுக்கும் காரணம் கேட்காதீர்கள். ஆற்றில் நிற்கும்போது விளங்கும்.

11. பையில் வைக்க முடியாத ஒன்றை இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும், கைப்பழக்கம். போவதற்கு முன் ஒரு மாதமாவது வீசிப் பழகுங்கள். ஒரு கம்பு இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். முள்ளுக்குப் பதில் நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டி, அறுவடை முடிந்த களத்திலோ தண்ணீர் வற்றிய குளத்துப் புல்லிலோ நின்று வீசலாம். கொய்யாத் தோப்புக்குள் வேண்டாம், நூல் கிளையில் சிக்கினால் காய் உதிரும், தோட்டக்காரர் சும்மா விடமாட்டார்.

மண்புழுத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துப்போகும். இங்கே ஃப்ளைக்குக் கனமே இல்லை. நூலின் கனம்தான் ஃப்ளையைக் கொண்டுபோகிறது. வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்குகிற மாதிரிதான் இதுவும். பின்னால் போய் நூல் முழுதும் நீண்டு விரியும்வரை ஒரு கணம் காத்திருந்து, அப்புறம் முன்னால் தள்ள வேண்டும். அந்தக் கணம் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்தான் அதிகம். தலையைத் திருப்பி நூல் விரிவதைக் கண்ணால் பாருங்கள். சில நாளில் கை தானே அறிந்துகொள்ளும். மணிக்கட்டை ஒடிக்காமல், கட்டைவிரல் காதுக்கு நேரே வந்ததும் நிறுத்துங்கள். தினம் கால் மணி நேரம் போதும். கை வலித்த பிறகு வீசினால் தப்பான பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

பழகியபின் நம் குளத்திலேயே ஜிலேபிக்கு வீசிப் பார்க்கலாம். மீன் ஏலம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

12. வழிகாட்டிக்கு. பேசிய கூலியைத் தவிர, கடைசி நாள் கையில் கொடுக்க ரொக்கம் தனியாக உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனால் ஏடிஎம் எப்போது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. நம் ஆயக்குடியிலிருந்து போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது. சந்தையில் காலையிலேயே போய் செங்காயாகப் பார்த்துக் கொய்யா வாங்குங்கள். பழுத்ததை எடுத்தால் டெல்லி போவதற்குள் குழைந்துவிடும். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு அடுக்குங்கள். ஒரு டப்பா பழனி பஞ்சாமிர்தமும் வையுங்கள். ஆப்பிள் விளைகிற ஊர்க்காரர் நம் கொய்யாவைக் கடித்துப் பார்க்கட்டும்.

ஆற்றில் அவர் "இங்கே வேண்டாம், மேலே ஏறு" என்றால் ஏறிவிடுங்கள். மீன் துள்ளுவது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. ஆறு அவர் பிறந்து வளர்ந்த இடம்.

13. திரும்பி வந்ததும் செய்ய வேண்டியதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கான பொருளும் பையில் இருக்க வேண்டும்: ஒரு பழைய பல் பிரஷ், ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. ஒரு ஆற்றின் பாசியும் நத்தை முட்டையும் மீன் நோயும் ஷூவின் அடியிலும் வலையின் முடிச்சிலும் ஒட்டிக்கொண்டு இன்னொரு ஆற்றுக்குப் போய்விடும். நியூசிலாந்தில் 2004இல் ஒரு வெளிநாட்டுப் பாசி ஆற்றில் புகுந்துவிட்டது. இன்றுவரை அவர்களால் அதை ஒழிக்க முடியவில்லை. தெற்குத் தீவில் ஆறு ஆறாகப் பரவிக் கல்லையெல்லாம் கம்பளி மாதிரி மூடிக்கொண்டது. அங்கே எந்த ஆற்றுக்குப் போனாலும் சோதி, கழுவு, உலர்த்து என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கடைசி நாள் மாலை, ஆற்றங்கரையிலேயே ஷூவின் அடியைப் பிரஷ்ஷால் தேய்த்துச் சேற்றை எடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து மொட்டைமாடியில் காய வையுங்கள். மேலே காய்ந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். விரலை உள்ளே விட்டுத் தையலைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் முழுக்கப் போன பிறகும் இரண்டு நாள் வெயிலில் கிடக்கட்டும். அதன் பிறகு அந்த ஷூவோடு நம் குளத்தில் இறங்கலாம்.